ஆசிட்டுக்குப் பெயர் என்ன?

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் தண்டலம் வரும். செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்து ஊர். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருங்காட்டுக்கோட்டை. அதற்கு அப்பால் ஸ்ரீபெரும்புதூர். தெற்கே திரும்பினால் ஒரகடம்.

ஒரு காலத்தில் இங்கே ஏர் ஓடியது. இப்போது கார் ஓடுகிறது. 1998-ம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. பிறகு கண்ணாடி, டயர், செல்போன், லாரி என்று ஒன்றன் பின் ஒன்றாகத் தொழிற்சாலைகள் வந்தன.

தொழிற்சாலை வந்தால், கூடவே இன்னொன்றும் வரும். அதுதான் அமிலம்.

இரும்புத் தகட்டில் உள்ள துருவை எடுக்க வேண்டுமா? அமிலத் தொட்டியில் முக்குவார்கள். தகட்டுக்கு வர்ணம் அடிக்க வேண்டுமா? அதற்கு முன் இன்னொரு அமிலக் கலவையில் குளிப்பாட்டுவார்கள். லாரியின் பேட்டரிக்குள் இருப்பது ஓர் அமிலம். எவர்சில்வரைப் பளபளப்பாக்க வேறோர் அமிலம்.

இவை எல்லாம் ஒன்றா? இல்லை. ஒவ்வொன்றும் வேறு. ஒவ்வொன்றின் குணமும் வேறு.

ஆனால் நாம் எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைக்கிறோம். "ஆசிட்!" அவ்வளவுதான்.

வடக்கே இருந்து வேலைக்கு வந்தவர் "தேசாப்" என்கிறார். பழைய ஆட்கள் "திராவகம்" என்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பையன் "அமிலம்" என்கிறான். கடைக்காரர் "பாத்ரூம் ஆசிட்டா, பேட்டரி ஆசிட்டா?" என்று கேட்கிறார்.

இதில் என்ன குறை என்று கேட்பீர்கள். பெயர் எதுவானால் என்ன, சுடுவது சுடத்தானே செய்யும் என்பீர்கள்.

இல்லை. பெயர் தெரியாவிட்டால் உயிரே போய்விடும். எப்படி என்று பாருங்கள்.

குளோரிக்கும் புளோரிக்கும்

இரண்டு அமிலங்கள் இருக்கின்றன. ஒன்று, ஹைட்ரோகுளோரிக் அமிலம். மற்றொன்று, ஹைட்ரோபுளோரிக் அமிலம். காதில் விழும்போது இரட்டைப் பிள்ளைகளைப் போல் இருக்கும். ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

முதல் அமிலம், கழிவறை கழுவும் திரவங்கள் பலவற்றில் இருக்கிறது. நம் வயிற்றுக்குள்ளும் சுரக்கிறது! சோறு செரிப்பதற்கு அது உதவுகிறது. அதிகக் காரமுள்ளது கையில் பட்டால், உடனே எரியும். உடனே எரிவதால் உடனே தண்ணீரில் கழுவுவோம்.

இரண்டாவது அமிலம் அப்படி அல்ல. கண்ணாடியையே அரிக்கும். அதனால் அதைக் கண்ணாடிப் புட்டியில் வைக்க முடியாது. எவர்சில்வரைச் சுத்தம் செய்யும் கலவைகளில் இது சேரும். நீர் கலந்த இந்த அமிலம் தோலில் பட்டால், பல சமயம் முதலில் வலியே தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் வலி தொடங்கும். அதற்குள் அது தோலைத் தாண்டி உள்ளே போயிருக்கும். உடம்பில் உள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் இருதயத் துடிப்பே தடுமாறலாம்.

இதற்குத் தண்ணீர் மட்டும் போதாது. 'கால்சியம் குளுக்கோனேட்' என்ற மருந்தைப் பூச வேண்டும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு தொழிலாளியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிறார்கள். "என்ன பட்டது?" என்று டாக்டர் கேட்கிறார். "ஆசிட் சார்" என்கிறார்கள். "எந்த ஆசிட்?" என்கிறார் டாக்டர். பதில் இல்லை!

அந்த ஒரு சொல் தெரிந்திருந்தால் சரியான மருந்து அந்த நிமிடமே கிடைத்திருக்கும்.

போபாலில் என்ன நடந்தது? 1984-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 2-ந் தேதி இரவு விஷவாயு கசிந்தது. ஆயிரக்கணக்கான மக்கள் மாண்டார்கள். ஆஸ்பத்திரிகளில் கூட்டம் கூட்டமாக வந்து விழுந்தார்கள். வந்தது என்ன வாயு, அதற்கு என்ன மருந்து என்று தெரியாமல் டாக்டர்கள் திண்டாடினார்கள்.

அதன் பிறகு 1987-ம் ஆண்டில் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். தாம் கையாளும் பொருளைப் பற்றி அறிந்துகொள்ளும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்று சட்டத்தில் எழுதினார்கள்.

உரிமை வந்தது. நல்லதுதான். ஆனால் பெயரைச் சொன்னால் புரிய வேண்டும் அல்லவா? அதைப் பள்ளிக்கூடம்தான் கற்றுக் கொடுக்க வேண்டும்.

திராவகம் சரியான பெயரா?

முதலில் நம் பழைய பெயரைப் பார்ப்போம்.

'திராவகம்' என்பது நெடுநாளாக வழங்கும் சொல். வைத்தியர்களும் பொற்கொல்லர்களும் பயன்படுத்தினார்கள். தங்கத்தையும் கரைக்கும் கலவைக்கு 'ராஜ திராவகம்' என்று பெயர். உலோகங்களின் ராஜாவான தங்கத்தைக் கரைப்பதால் அந்தப் பெயர். ஒரு பங்கு நைட்ரிக் அமிலமும், மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்தது அது. தனித்தனியாக இரண்டுமே தங்கத்தைக் கரைக்கமாட்டா. சேர்ந்தால் கரைக்கும்!

அழகான பெயர்தான். ஆனால் திராவகம் என்றால் என்ன பொருள்? திரவமாக இருப்பது என்று பொருள். அமிலங்கள் எல்லாம் திரவமா? இல்லையே!

மளிகைக் கடையில் 'எலுமிச்சை உப்பு' என்று விற்கிறார்கள். வெள்ளை வெளேர் என்று கற்கண்டுத் தூள் போல் இருக்கும். அது உப்பே அல்ல. சிட்ரிக் அமிலம்! பெயரோ உப்பு. பொருளோ அமிலம். பார்ப்பதற்கோ சர்க்கரை!

ஆகவே, திராவகம் என்ற சொல் எல்லா அமிலத்துக்கும் பொருந்தாது. 'அமிலம்' என்ற சொல் பொருந்தும். புளிப்பு என்பதே அதன் வேர்ப்பொருள். இங்கிலீஷில் உள்ள 'ஆசிட்' என்ற சொல்லும் புளிப்பு என்ற பொருள் உள்ள லத்தீன் சொல்லில் இருந்து வந்ததுதான். சிலர் 'காடி' என்று எழுதுகிறார்கள். புளித்த கஞ்சிக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அது. அதுவும் புளிப்புதான்.

ஊர் வேறு, பேச்சு வேறு. ஆனால் எல்லாரும் நாக்கில் பட்ட புளிப்பை வைத்தே பெயர் இட்டார்கள்.

அடுப்படியில் தொடங்குங்கள்

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அமிலப் பாடத்தை ஆய்வுக்கூடத்தில் தொடங்காதீர்கள். அடுப்படியில் தொடங்குங்கள்.

எலுமிச்சம்பழத்தில் இருப்பது சிட்ரிக் அமிலம். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். தயிரில் இருப்பது லாக்டிக் அமிலம். ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகரில் இருப்பது அசிட்டிக் அமிலம். சோடாவில் இருப்பது கார்பானிக் அமிலம். சிவப்பு எறும்பு கடித்தால் எரிகிறதே, அதில் இருப்பது பார்மிக் அமிலம்.

இந்தப் பெயர்கள் பிள்ளைகளைப் பயமுறுத்துகின்றன. வாயில் நுழையாத பெயர்கள் என்கிறார்கள். ஆனால் அவற்றின் கதையைச் சொன்னால் பயம் போய்விடும்.

'லாக்' என்றால் லத்தீன் பாஷையில் பால். பால் புளித்து வருவதால் லாக்டிக். 'பார்மிகா' என்றால் எறும்பு. எறும்பில் கிடைத்ததால் பார்மிக். 'அசிட்டம்' என்றால் வினிகர். அதனால் அசிட்டிக். 'சிட்ரஸ்' என்பது எலுமிச்சை இனம். அதனால் சிட்ரிக்.

அவ்வளவுதான்! எறும்பு அமிலம், பால் அமிலம், எலுமிச்சை அமிலம் என்று அந்த ஊர்க்காரர்கள் தங்கள் பாஷையில் சொன்னார்கள். நமக்கு அது மந்திரம் போல் கேட்கிறது. பொருளைச் சொல்லிக் கொடுத்தால் மந்திரம் கலைந்துவிடும்.

ஸ்வீடன் தேசத்தில் ஷீலே என்று ஒரு மருந்துக் கடைக்காரர் இருந்தார். அவர்தான் 1780-ம் ஆண்டில் புளித்த பாலில் இருந்து லாக்டிக் அமிலத்தைப் பிரித்தார். 1784-ம் ஆண்டில் எலுமிச்சையில் இருந்து சிட்ரிக் அமிலத்தைப் பிரித்தார். அவர் ஆராய்ந்ததும் பாலும் பழமும்தான்.

பெயர் சூட்டிய விஞ்ஞானி

அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலும் பெயர்க் குழப்பம் இருந்தது. ஒரே பொருளுக்கு ஊருக்கு ஒரு பெயர். 'வலிய நீர்' என்றார்கள். 'உப்பின் ஆவி' என்றார்கள். பெயரைப் பார்த்தால் பொருள் புரியாது.

1787-ம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானிகள் நால்வர் சேர்ந்து ஒரு புத்தகம் எழுதினார்கள். அவர்களில் முக்கியமானவர் லவாய்சியர். "பெயரைக் கேட்டதும் அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும்" என்பது அவர்கள் கொள்கை. அதற்கு விதிகள் வகுத்தார்கள். இன்றைக்கும் நாம் படிப்பது அந்த விதிகளின் வழியில்தான்.

லவாய்சியரின் முடிவு பரிதாபமானது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1794-ம் ஆண்டு மே மாதம் 8-ந் தேதி அவர் தலையை வெட்டினார்கள். ஆனால் அவர் வைத்த பெயர்கள் சாகவில்லை.

அவர் வைத்த ஒரு பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. எல்லா அமிலத்திலும் ஒரு குறிப்பிட்ட வாயு இருக்கிறது என்று அவர் நம்பினார். அதனால் அதற்கு 'ஆக்சிஜன்' என்று பெயர் வைத்தார். கிரேக்க பாஷையில் 'புளிப்பைப் பிறப்பிப்பது' என்று பொருள்.

பிறகு 1810-ம் ஆண்டில், இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவி என்பவர் உண்மையைக் காட்டினார். உப்பில் இருந்து எடுக்கும் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லை! ஹைட்ரஜனும் குளோரினும்தான் இருக்கின்றன. ஆக, ஆக்சிஜன் என்ற பெயரே பிழையான எண்ணத்தில் பிறந்தது. நம் தமிழில் உள்ள 'பிராணவாயு' என்ற பெயருக்கு அந்தக் குறை இல்லை!

அங்கிளா, சித்தப்பாவா?

சரி, அந்த விதிகள் என்ன? கஷ்டமானவையா? தமிழ்ப் பிள்ளைக்குக் கஷ்டமே இல்லை. ஏன் தெரியுமா? நம் உறவுமுறையே அப்படித்தான்.

இங்கிலீஷில் 'அங்கிள்' என்பார்கள். அப்பாவின் அண்ணனும் அங்கிள். தம்பியும் அங்கிள். அம்மாவின் அண்ணனும் அங்கிள். யார் என்று தெரியாது. தமிழில் பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் என்கிறோம். பெயரைச் சொன்னதும் உறவு தெரிகிறது.

'ஆசிட்' என்பது 'அங்கிள்' மாதிரி. யார் என்று சொல்லாது. 'சல்பியூரிக் அமிலம்' என்பது 'பெரியப்பா' மாதிரி. உறவைச் சொல்லிவிடும்.

விதி மூன்றுதான். அமிலம் தரும் உப்பின் பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள்.

உப்பின் பெயர் 'ஏட்டு' என்று முடிந்தால், அமிலத்தின் பெயர் 'இக்' என்று முடியும். நைட்ரேட்டு, நைட்ரிக். கார்பனேட்டு, கார்பானிக். அசிட்டேட்டு, அசிட்டிக். சிட்ரேட்டு, சிட்ரிக். சல்பேட்டுக்கும் பாஸ்பேட்டுக்கும் மட்டும் நடுவில் கொஞ்சம் நீளும். சல்பியூரிக், பாஸ்பாரிக்.

உப்பின் பெயர் 'ஐட்டு' என்று முடிந்தால், அமிலத்தின் பெயர் 'அஸ்' என்று முடியும். நைட்ரைட்டு, நைட்ரஸ். சல்பைட்டு, சல்பியூரஸ்.

உப்பின் பெயர் 'ஐடு' என்று முடிந்தால், அமிலத்துக்கு முன்னால் 'ஹைட்ரோ', பின்னால் 'இக்'. குளோரைடு, ஹைட்ரோகுளோரிக். புளோரைடு, ஹைட்ரோபுளோரிக். இந்த வகையில் ஆக்சிஜன் கிடையாது.

'இக்'குக்கும் 'அஸ்'ஸுக்கும் என்ன வித்தியாசம்? ஆக்சிஜன் கணக்குதான். சல்பியூரிக்கில் நான்கு ஆக்சிஜன். சல்பியூரஸில் மூன்று. நைட்ரிக்கில் மூன்று. நைட்ரஸில் இரண்டு. 'இக்' பெரியப்பா. 'அஸ்' சித்தப்பா!

மறந்து போகுமா? போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டையா இருக்கிறார் அல்லவா? அவருக்குச் சாதாரணக் கான்ஸ்டபிளைவிடப் பட்டை கூடுதல். 'ஏட்டு' என்று வந்தால் ஆக்சிஜனும் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கு இது போதும்.

ஓர் எழுத்து வினை

இங்கேதான் தமிழில் படிக்கும் பிள்ளைக்கு ஒரு சங்கடம் வருகிறது. இதைப் பெரியவர்கள் கவனிப்பதில்லை.

'சல்பைடு', 'சல்பைட்டு' என்று இரண்டு பெயர்கள். ஒரே ஒரு புள்ளி எழுத்துதான் வித்தியாசம். 'டு' என்றால் ஒன்று. 'ட்டு' என்றால் மற்றொன்று. ஆனால் பொருள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். சல்பைடில் ஆக்சிஜன் கிடையாது. சல்பைட்டில் மூன்று ஆக்சிஜன் உண்டு.

சில புத்தகங்களில் 'சல்பைட்' என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். அது சல்பைடா, சல்பைட்டா? படிக்கும் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? இங்கிலீஷில் படிப்பவனுக்குக் கடைசி எழுத்து காட்டிக் கொடுத்துவிடும். தமிழில் படிப்பவனுக்கு அந்த வசதியை நாம்தான் செய்து கொடுக்க வேண்டும்.

செய்வது சுலபம். மெல்ல ஒலிப்பது எப்போதும் 'டு'. அழுத்தி ஒலிப்பது எப்போதும் 'ட்டு'. பாடப்புத்தகம், வினாத்தாள், வழிகாட்டி நூல் மூன்றிலும் ஒரே மாதிரி அச்சிட வேண்டும். இதற்குப் பணம் வேண்டாம். மனம் இருந்தால் போதும்.

இதே மாதிரி, ஒரே அமிலத்துக்கு நாம் எத்தனை எழுத்து எழுதுகிறோம்! சல்பூரிக், சல்பியூரிக், சல்ஃபியூரிக், கந்தக அமிலம்! எட்டாம் வகுப்பில் ஒரு பெயர், பத்தாம் வகுப்பில் ஒரு பெயர் என்றால், பிள்ளை இரண்டும் வேறு வேறு பொருள் என்றுதான் நினைப்பான்.

கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். இலங்கையில் ஐதரோகுளோரிக்கமிலம், சல்பூரிக்கமிலம், நைத்திரிக்கமிலம் என்று எழுதுகிறார்கள். நம் எழுத்துக்கு வேறுபட்டதுதான். ஆனால் விதி ஒன்றே. அதனால் ஒருவர் எழுதியதை மற்றவர் புரிந்துகொள்ளலாம்.

கந்தகமா, சல்பரா?

இது பழைய சண்டை. நூறு வருஷத்துக்கும் மேல் நடக்கிறது.

இலங்கை மானிப்பாயில் கிறீன் என்ற அமெரிக்க டாக்டர் வைத்தியம் செய்துவந்தார். தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர் அவர். அவர் முயற்சியால் 1875-ம் ஆண்டில் ஒரு ரசாயன நூல் தமிழில் வந்தது. அதன் பெயர் 'கெமிஸ்தம்'! கெமிஸ்ட்ரி என்ற சொல்லைத் தமிழ் ஓசைக்கு வளைத்துக்கொண்டார்கள்.

1916-ம் ஆண்டில் சேலத்தில் ராஜாஜி முதலியோர் விஞ்ஞானச் சொற்களை உண்டாக்க ஒரு சங்கம் வைத்தார்கள். 1938-ம் ஆண்டில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 'கலைச்சொற்கள்' என்று ஒரு தொகுதி வெளியிட்டது. ராஜாஜி 'திண்ணை ரசாயனம்' என்று ஒரு புத்தகமே எழுதினார். திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கும் ரசாயனம் புரிய வேண்டும் என்று பெரியவர்கள் அப்போதே நினைத்திருக்கிறார்கள்.

"எல்லாம் தமிழில் வேண்டும்" என்பார் ஒரு கட்சி. "உலகம் முழுவதும் வழங்கும் பெயரை ஏன் மாற்ற வேண்டும்?" என்பார் இன்னொரு கட்சி. யார் சொல்வது சரி?

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

'கந்தக அமிலம்' என்ற பெயரைக் கேட்டதும், அதற்குள் கந்தகம் இருக்கிறது என்று தெரிகிறது. கந்தகம் நமக்குத் தெரிந்த பொருள். தீபாவளி மத்தாப்பில் இருப்பது. பாட்டிக்கும் புரியும். இது பெரிய லாபம்.

ஆனால் ஒரு நஷ்டமும் உண்டு. அந்த அமிலத்தின் உப்பைப் பாடத்தில் 'சல்பேட்டு' என்றே எழுதுகிறார்கள். கந்தக அமிலத்துக்கும் சல்பேட்டுக்கும் என்ன உறவு? பெயரில் தெரியவில்லையே! தகப்பன் பெயர் ஒன்று, பிள்ளையின் முதலெழுத்து வேறொன்று என்பது போல் ஆகிவிடுகிறது. சல்பியூரஸ் அமிலத்திலும் கந்தகம்தான் இருக்கிறது. அதையும் கந்தக அமிலம் என்று சொல்லிவிட்டால், பெரியப்பாவையும் சித்தப்பாவையும் ஒரே பெயரில் கூப்பிட்டது ஆகாதா?

ஆகவே என் கருத்து இது. முதல் வகுப்பில், முதல் பாடத்தில், "இது கந்தகத்தில் இருந்து வரும் அமிலம், கந்தக அமிலம்" என்று சொல்லிப் புரிய வைக்க வேண்டும். புரிந்த பிறகு, "இதன் முழுப் பெயர் சல்பியூரிக் அமிலம்" என்று சொல்லி, அதையே பரீட்சையிலும் புட்டியிலும் எழுத வேண்டும். வீட்டில் 'சின்னு' என்று கூப்பிடுகிறோம். பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் முழுப் பெயர் எழுதுகிறோம். இரண்டும் வேண்டும். ஒன்று அன்புக்கு. மற்றொன்று அடையாளத்துக்கு.

"சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு பெயர் சுமையா?" என்று சிலர் கேட்பார்கள். சுமை இல்லை. கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் பதினொரு பேரின் பெயரையும் ஒரே மூச்சில் சொல்கிறவன், பத்து அமிலங்களின் பெயரைச் சொல்லமாட்டானா? விதி தெரியாமல் நெட்டுருப் போடச் சொல்வதுதான் சுமை.

வீட்டில் செய்ய வேண்டியது

பெயர் விஷயம் பள்ளிக்கூடத்தோடு முடியவில்லை. வீட்டுக்குள்ளும் வருகிறது.

கழிவறை கழுவும் ஆசிட்டைச் சிலர் பழைய கலர் பாட்டிலில் ஊற்றி வைக்கிறார்கள். பேட்டரித் தண்ணீரும் பேட்டரி ஆசிட்டும் பார்ப்பதற்கு ஒன்று போலவே இருக்கும். இரண்டும் நிறமற்றவை. தாகத்தோடு ஓடி வரும் குழந்தைக்கு எது எது என்று தெரியுமா?

அமிலத்தை அது வந்த புட்டியிலேயே வையுங்கள். பெயர்ச் சீட்டைக் கிழிக்காதீர்கள். குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இன்னொரு அபாயம் உண்டு. கழிவறையில் பிளீச்சிங் பவுடரைத் தூவுவார்கள். அதன் மேலேயே ஆசிட்டையும் ஊற்றுவார்கள். இரண்டும் சேர்ந்தால் நன்றாக வெளுக்கும் என்று நினைப்பு. வெளுப்பது கழிவறை அல்ல, முகம்தான்! இரண்டும் சேர்ந்தால் குளோரின் என்ற விஷவாயு கிளம்பும். மூச்சை அடைக்கும். அடைத்த சிறிய அறையில் ஆளையே கொல்லும்.

இதற்கும் பெயர்தான் காவல். பிளீச்சிங் பவுடர் 'ஹைப்போகுளோரைட்டு' குடும்பத்தைச் சேர்ந்தது. கழிவறை ஆசிட் 'ஹைட்ரோகுளோரிக்'. இரண்டு பெயரிலும் 'குளோர்' இருக்கிறது பாருங்கள். பெயரைப் படித்தவள் ஒரு நிமிடம் யோசிப்பாள். அந்த ஒரு நிமிடம் போதும்.

அடர்ந்த சல்பியூரிக் அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது, தண்ணீரில்தான் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண் போய்விடும்.

அமிலம் மேலே பட்டுவிட்டால், நனைந்த துணியைக் களைந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து இருபது நிமிடம் கழுவுங்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உள்ளே போகும்போது சுட்டது, வெளியே வரும்போதும் சுடும். உடனே 108-க்குச் சொல்லுங்கள். போகும்போது அந்தப் புட்டியை மறக்காமல் கொண்டு போங்கள். புட்டியில் உள்ள பெயர்தான் டாக்டருக்குப் பாதி வைத்தியம்.

அமிலத்தை ஆயுதமாக்கிய கொடியவர்களும் உண்டு. அதனால் 2013-ம் ஆண்டு ஜூலை மாதம், சுப்ரீம் கோர்ட்டு கடைகளில் அமில விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. வாங்குகிறவரின் பெயரும் விலாசமும் பதிவேட்டில் எழுத வேண்டும். புகைப்பட அடையாளச் சீட்டுக் காட்ட வேண்டும். 18 வயது ஆகாதவருக்கு விற்கக்கூடாது. வாங்குகிறவர் பெயரை எழுதுகிறோம். சரிதான். விற்கும் பொருளின் பெயரையும் புரியும்படி எழுத வேண்டாமா?

மூன்று கோரிக்கைகள்

பாடநூல் எழுதுகிறவர்களுக்கு: ஒரு அமிலத்துக்கு ஒரே பெயர், ஒரே எழுத்து. ஆறாம் வகுப்பில் தொடங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு வரை அதுவே இருக்கட்டும். 'டு', 'ட்டு' வித்தியாசத்தைக் காப்பாற்றுங்கள்.

தொழிற்சாலை நடத்துகிறவர்களுக்கு: தொட்டியிலும் பீப்பாயிலும் இங்கிலீஷ் பெயர் மட்டும் போதாது. தமிழில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். வடக்கே இருந்து வந்தவருக்கு இந்தியில் எழுதுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு, கையில் சொட்டுச் சொட்டாக விழுந்து அரிக்கும் படம் போட்ட சிவப்புக் கட்டத்தை ஒட்டுங்கள். அந்தப் படம் உலகம் முழுவதும் ஒன்றுதான். அதோடு, அந்த அமிலம் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு வரி எழுதுங்கள்.

பெற்றோர்களுக்கு: உங்கள் பிள்ளை அமிலப் பாடம் படிக்கும்போது, வீட்டில் உள்ள புட்டிகளை, மூடியைத் திறக்காமல், எடுத்துக் காட்டுங்கள். "இதில் என்ன எழுதியிருக்கிறது? வாசி" என்று சொல்லுங்கள். அவன் வாசிக்கட்டும். நீங்களும் கூடவே வாசியுங்கள்.

ஒரகடத்தில் வேலை பார்க்கும் தகப்பனுக்கு, தான் தினமும் நிற்கும் தொட்டியில் இருப்பது குளோரிக்கா, புளோரிக்கா என்று தெரியாமல் இருக்கலாம். தண்டலத்தில் பள்ளிக்கூடம் போகும் மகளுக்கு விதி தெரியும். "அப்பா, நாளைக்குத் தொட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வாருங்கள்" என்று அவள் கேட்கட்டும்.

அவர் பார்த்து வந்து சொல்லும் அந்தப் பெயரை, வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளட்டும்.